அரிப்பு செதுக்கிய பாறையைப் பார்க்க மலையேறுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றும் மழையும் பனியும் செதுக்கிய பாறை வளைவு, காளான் பாறை, தொங்குபாறை போன்றவற்றைப் பார்க்க மலையேறுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு ஒரே காரணம்தான்: அரிப்பு எப்போதோ முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில், நடைபாதையை ஒட்டி நின்ற ‘வால் ஆர்ச்’ என்ற சுமார் 21 மீட்டர் அகல வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் இடிந்து விழுந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் மனித முகம்போலத் தெரிந்த ‘ஓல்டு மேன் ஆஃப் தி மவுன்டன்’ பாறை, இரும்புக் கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தும் 2003 மே 3 அன்று சரிந்துவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மழை விட்ட கையோடு மணற்பாறையில் ஏறுவது. மணற்பாறை என்பது மணல் துகள்கள் சுண்ணாம்பு, களிமண், இரும்பு ஆக்சைடு போன்றவற்றால் ஒட்டிக்கொண்டு உருவானது. தண்ணீர் உள்ளே இறங்கினால் அந்தப் பிடிப்பு தளர்ந்து, பாறையின் வலிமை கணிசமாகக் குறைகிறது. நேற்றுவரை ஆளைத் தாங்கிய விளிம்பு இன்று கையோடு பெயர்ந்து வரும். மேற்பரப்பு வெயிலில் சீக்கிரம் காய்ந்து வெளுத்துவிடுவதால் கண் ஏமாறும். பாறையின் அடியில் இருக்கும் மணலை விரலால் சில சென்டிமீட்டர் ஆழம் தோண்டிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பாறைக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல மழைக்குப் பிறகு குறைந்தது ஒரு நாள், நிழல் பக்கமாக இருந்தால் மூன்று நாள்வரை காத்திருப்பது நல்லது. கருங்கல் இப்படி வலுவிழக்காது. ஆனால் அதன்மேல் படர்ந்த பாசியும் கற்பாசியும் நனைந்தால் எந்தக் காலணியும் நிற்காது.

அடுத்தது, பாறைக்கு அடியில் போய் உட்காருவது. நிழலும் அங்கேதான், படம் எடுக்க வாகான கோணமும் அங்கேதான் என்பதால் எல்லோரும் அங்கேயே கூடுகிறார்கள். விரிசலில் தேங்கும் நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. இரவில் உறைந்து பகலில் உருகும் பருவத்தில் இது தினமும் நடக்கும். வெயில் ஏறி பனி உருகும் நேரத்தில் கற்கள் விழுவது அதிகம். உட்காரும் முன் அண்ணாந்து பாருங்கள். சுற்றியுள்ள பாறை கறுத்தோ பழுப்பாகவோ இருக்க, ஓரிடம் மட்டும் வெளிறிய நிறத்தில் தெரிந்தால் அங்கிருந்து சமீபத்தில் ஏதோ பெயர்ந்திருக்கிறது. கீழே கூர்விளிம்புள்ள புதுச் சில்லுகள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், தள்ளிப்போய் உட்காருங்கள். காளான் பாறைகளில் மணற்காற்றும் அடிநிலத்து ஈரமும் உப்பும் கழுத்தைத்தான் முதலில் தின்கின்றன. ஆகவே அவற்றில் ஏறுவது, சாய்ந்து தள்ளுவதுபோல் படம் எடுப்பது இரண்டும் வேண்டாம்.

விளிம்பிலும் இதே கதைதான். மேலே நிற்பவருக்குத் தட்டையான உறுதியான பாறையாகத் தெரியும். ஆனால் அடிப்பக்கம் உள்வாங்கி வெறும் பலகையாக நீண்டிருக்கலாம். அதை மேலே நின்று கண்டுபிடிக்க முடியாது. வரும் வழியில், பாறை பக்கவாட்டில் தெரியும் இடத்தில் நின்று, எதுவரை அடியில் தாங்கல் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும் நாளில் முதுகுப்பையைக் கழற்றிவிட்டுத்தான் விளிம்புப் பக்கம் போக வேண்டும். பை காற்றைப் பிடித்து ஆளைத் திருப்பிவிடும். கேமராத் திரையைப் பார்த்தபடி பின்னால் நகர்வதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

நேரக் கணக்கில் தவறுவது சர்வ சாதாரணம். பழைய நெய்ஸ்மித் விதிப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். போய்வர 10 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம் வரும். இது நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடக்கும் கணக்கு. ஓய்வு, கரடான பாறை, படம் எடுக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். நார்வேயின் டிரோல்டுங்கா பாறையின் புகைப்படத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு, நடை தொடங்கும் ஷெக்கெடாலிலிருந்து போய்வர சுமார் 27 கிலோமீட்டர், 10 முதல் 12 மணி நேரம் என்பது உறைப்பதில்லை. பாறையை எட்டினாலும் எட்டாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே முடிவுசெய்யுங்கள். சூரிய அஸ்தமனம் பார்க்கப் போனால் இறங்குவது இருட்டில்தான். ஆளுக்கொரு ஹெட்லேம்ப் கட்டாயம், செல்போன் டார்ச் அதற்கு ஈடாகாது.

வெற்றுப் பாறையில் காலடித் தடம் பதியாது. வழிகாட்டுவது கற்குவியல்களும் பெயின்ட் அடையாளங்களும்தான். விளையாட்டுக்காகப் புதுக் குவியல் அடுக்குவது பின்னால் வருபவரை வழிதவற வைக்கும். பத்து நிமிடத்துக்கொரு முறை திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்துவையுங்கள், திரும்பும்போது அதே இடம் வேறு மாதிரி தெரியும்.

சரிவான பாறையில் பயந்தவர்கள் உள்பக்கம் சாய்ந்து கையை ஊன்றுவார்கள். அப்போது எடை பாதத்தை விட்டு விலகி, கால் வெளிப்பக்கம் வழுக்கும். உள்ளங்கால் முழுவதும் பாறையில் படும்படி, உடல் நிமிர்ந்து, முழங்கால் லேசாக மடிந்து, சிறு சிறு எட்டாக நடக்க வேண்டும். பாறைமேல் சிதறிக் கிடக்கும் மணல் துகள்கள் காலடியில் உருளும். கைவைத்து ஏற வேண்டிய இடத்தில் முதலில் இரண்டு மீட்டர் ஏறி, அப்படியே இறங்கிப் பாருங்கள். ஏறும்போது பிடிப்பு கண்ணுக்கு நேரே இருக்கும், இறங்கும்போது காலுக்கடியில் மறைந்துவிடும். இறங்கிக் காட்ட முடியாத இடத்தில் ஏறாதீர்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் ஒரு லிட்டர்வரை. பாறை வெப்பத்தைத் திருப்பி உமிழும், நிழலும் இருக்காது. திரும்பும் புள்ளியை அடையும்போது பாதியாவது மிச்சமிருக்க வேண்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உயர்ந்து நிற்கும் தனிப்பாறையிலிருந்து உடனே இறங்குங்கள். ஆழமில்லாத குகையிலோ தொங்குபாறையின் கீழோ ஒதுங்குவது ஆபத்து, மின்சாரம் அந்த வாய்ப்பகுதியைத் தாண்டி உங்கள் உடல்வழியாகப் பாயக்கூடும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மேலே திரும்ப வேண்டாம்.

பெயர் செதுக்குவது வெறும் அசிங்கம் மட்டுமல்ல. பல மணற்பாறைகளில் வெளிப்பரப்பு தாதுக்கள் படிந்து இறுகி ஓடுபோல் இருக்கும். அந்த ஓட்டைக் கீறினால் உள்ளிருக்கும் மென்மையான பாறை மழைக்கும் காற்றுக்கும் திறந்துவிடுகிறது. யாரோ செதுக்கிய பெயரைத் தேய்த்து அழிக்கப் போனாலும் அதே சேதம்தான். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்த இடத்தைப் பராமரிப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.