பூரி உப்பணும், எண்ணெய் குடிக்கக் கூடாது

பூரி உப்பவில்லை என்றால் எல்லோரும் அடுப்பைத்தான் குறை சொல்வார்கள். நான் முதலில் மாவைத்தான் தொட்டுப் பார்ப்பேன். விரலால் அழுத்தினால் சுலபமாகக் குழி விழுகிறதா? அப்படியானால் அது சப்பாத்தி மாவு. அதில் பூரி சுட்டால் எண்ணெய் குடிக்கும்.

கால் கிலோ கோதுமை மாவு, ஒரு மேசைக்கரண்டி ரவை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். ரவை பூரியைக் கொஞ்ச நேரம் மொறுமொறுப்பாக வைத்திருக்கும், சர்க்கரை நிறத்துக்கு. மைதா கலந்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும், அதனால் நான் சேர்ப்பதில்லை. எண்ணெயை முதலில் மாவில் பிசிறிவிட்டு, அப்புறம் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். மொத்தமே 120, 130 மில்லி போதும். ஆரம்பத்தில் மாவு சேரவே சேராது. கை வலிக்கும்போது இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாமே என்று தோன்றும். விடாதீர்கள், ஐந்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் தானாக வழிக்கு வரும். மூடி வைத்துப் பதினைந்து நிமிடம் ஊறினால் போதும். அதிகம் ஊறினால் மாவு தளர்ந்துவிடும்.

எலுமிச்சை அளவைவிடச் சற்றுச் சின்ன உருண்டைகளாக வெடிப்பில்லாமல் உருட்டினால் பதினைந்து வரும். தேய்க்கும்போது வறட்டு மாவு தூவவே கூடாது. அது எண்ணெயில் உதிர்ந்து, அடியில் கருகி, கடைசிப் பூரிகளில் கரும்புள்ளியாக ஒட்டும். கட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் சரி. சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கட்டும். வட்டம் கோணலானாலும் பரவாயில்லை, தடிமன் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரம் கனத்து நடு மெலிந்தால் அரைகுறையாகத்தான் எழும். தேய்த்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், காற்றாட விட்டால் மேல்தோல் காய்ந்துவிடும். இரண்டும் உப்பலுக்கு ஆகாது. நான்கைந்து தேய்த்துத் துணியால் மூடிவிட்டு, சுடத் தொடங்கிவிடுங்கள்.

அகலச் சட்டியைவிடக் குழிவான சிறிய வாணலி நல்லது. குறைந்த எண்ணெயிலேயே ஆழம் கிடைக்கும். துளி மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் உடனே மேலே வந்தால் சூடு சரி. அடியிலேயே தங்கினால் காத்திருங்கள். புகை கிளம்பினால் அடுப்பைக் குறைத்து ஆறவிடுங்கள். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 180 முதல் 190 டிகிரி.

பூரியை ஓரமாகச் சரித்து விடுங்கள். முங்கி, சுற்றிலும் குமிழி விட்டு, மெல்ல மேலே வரும். அந்த நொடியில் ஜல்லிக்கரண்டியின் முதுகால் லேசாக, குத்தாமல், தட்டித் தட்டி எண்ணெய்க்குள் அமுக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சூடேறித் தோல் இறுகும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் தோலைத் தூக்கும். ஒரு பக்கம் முதலில் கிளம்பினால், எழாத பக்கத்தை அமுக்குங்கள். உப்பியதும் ஒரே ஒரு முறை திருப்பிப் போட்டு, பொன்னிறமானதும் வாணலி விளிம்பில் சாய்த்து எண்ணெயை வடித்து எடுங்கள். தட்டில் படுக்கப் போடாமல் வடிதட்டில் நிற்க வைத்தால் அடிப்பக்கம் ஊறாது. அடுத்ததைப் போடும் முன் எண்ணெய் மறுபடி சூடேறக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். இரண்டு பூரியை ஒன்றாகப் போடும் அவசரம் மட்டும் வேண்டாம், சூடு சட்டென்று இறங்கிவிடும்.

மாவு மீந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பூரி சுட நினைக்காதீர்கள். தளர்ந்து, நிறமும் மங்கியிருக்கும். சப்பாத்தியாகத் தேய்த்துக் கல்லில் போட்டுவிடுங்கள்.