தென்னையில் சாறுவடிதல் நோய்: செதுக்கிக் காப்பாற்றும் முறை

தென்னையின் மூட்டிலுள்ள (அடிமரத்திலுள்ள) வெடிப்பிலிருந்து செம்பழுப்புச் சாறு கசிந்து, கறுத்த கோடாகக் காய்ந்து படிந்திருந்தால் அது சாறுவடிதல் நோய். 1906ஆம் ஆண்டிலேயே இலங்கையில் கண்டறியப்பட்ட இந்நோய்க்குக் காரணம் தியலேவியோப்சிஸ் பாரடாக்சா என்னும் பைப்பூஞ்சை. அன்னாசிப் பழத்தைக் கறுத்து அழுகச் செய்வதும் இதுவே என்பதால், ஊடுபயிராக அன்னாசி நட்டவர்கள் அழுகிய பழங்களைத் தென்னை மூட்டில் கொட்டாதிருப்பது நல்லது.

கசிவின் மேல் தாரைப் பூசிவிட்டுப் போவது பலரின் வழக்கம்; அது நோயை உள்ளே வைத்து மூடுவதாகும். வெளியே உள்ளங்கை அளவு தெரியும் கறைக்கு அடியில் அழுகல் அதைவிடப் பெரிதாகப் பரவியிருக்கும். ஆகவே மழையில்லாத நாளில், கூரான உளியால் பழுப்பேறிய பகுதி முழுவதையும், நிறம் மாறாத நல்ல தசை தெரியும் வரை செதுக்க வேண்டும். மாமரத்தில் மூடுவதுபோலத் தென்னையில் புதுப்பட்டை வளர்ந்து காயம் மூடாது என்பதால், நல்ல பகுதியை வீணாக வெட்டிவிடாமல் பொறுமையாகச் செதுக்குங்கள். சீவல்களைச் சாக்கில் சேகரித்து, மரத்திலிருந்து விலக்கி எரித்துவிடுங்கள்.

அன்றே போர்டோ பசை பூச வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை (செம்பு சல்பேட்டை) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, பின் ஒன்றாகக் கலக்குங்கள். துலக்கிய இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் வைத்தெடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பூசிய பசை நன்றாக உலர்ந்த பிறகு, ஓரிரு நாளில், அதன் மேல் தார் பூசலாம். தாருக்குரிய இடம் அதுதான். பழைய கையேடுகள் கூறும் டிரைடெமார்ஃப் மருந்து இந்தியாவில் 2018இல் தடைசெய்யப்பட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சை கலந்த வேப்பம்புண்ணாக்கை, மரத்துக்கு 5 கிலோ வீதம் ஆண்டுக்கு ஒருமுறை தடத்தில் (மரத்தைச் சுற்றியுள்ள பாத்தியில்) இடுங்கள்.

இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) நீர் தேங்குவதும் பங்குனி வெயிலில் மண் வறண்டுபோவதும் தண்டில் வெடிப்பை உண்டாக்குவதால், ஈத்தாமொழி நெட்டை என்னும் குமரி மாவட்டத் தென்னை வகை நிற்கும் விளையானாலும் (தோப்பானாலும்) வடிகாலும் கோடைப்பாசனமும் தேவை. ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டாதீர்கள். மூட்டில் சருகைக் கூட்டித் தீயிடாதீர்கள். செதுக்கிய மரத்தை அடுத்த மழைக்குப்பின் மீண்டும் பாருங்கள். தாரின் ஓரத்தில் புதுக்கசிவு தெரிந்தால், அந்த இடத்தை மறுபடியும் செதுக்க வேண்டும்.