கிளைடர்ல எஞ்சின்: டர்போ வாங்குறதா, செல்ஃப் லாஞ்ச் வாங்குறதா, வாங்கினா எப்படி ஓட்டுறது

கிளைடர் (எஞ்சின் இல்லாமலே பறக்குற விமானம்) வாங்கப் போறேன், டர்போ (மேல போனப்புறம் மட்டும் உதவுற எஞ்சின்) எடுக்கவா செல்ஃப் லாஞ்ச் (தரையில இருந்தே தானா கிளம்புற எஞ்சின்) எடுக்கவானு கேக்குறவங்ககிட்ட நான் முதல்ல எஞ்சின் பத்தியே பேசமாட்டேன். புதன்கிழமை மதியம் வானம் அருமையா இருக்கு, நீங்க லீவு போட்டுட்டு ஏர்ஃபீல்டுக்கு வந்துட்டீங்க, அங்க உங்களை மேல தூக்கிவிட யாராவது இருப்பாங்களா? இதுதான் கேள்வி. வின்ச் (தரையில நின்னு கேபிளால கிளைடரை இழுத்து மேல ஏத்துற மெஷின்) ஓட்ட ஆள் இருக்கும், டோ பிளேன் (கிளைடரைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போற விமானம்) பைலட்டுக்கு ஒரு போன் போட்டா வந்துடுவார்னா உங்களுக்கு டர்போ தாராளமா போதும். சனி ஞாயிறு தவிர ஈ காக்கா இருக்காதுன்னா மட்டும்தான் செல்ஃப் லாஞ்சுக்கு அவ்ளோ காசும் தலைவலியும் நியாயம். மத்த வித்தியாசம் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

முதல்ல விளம்பரத்தைப் படிக்கத் தெரியணும். டர்போனு சொன்னாலும் இதுல டர்போசார்ஜர் எதுவும் கிடையாது, மேல போனப்புறம் தெர்மல், அதாவது கிளைடரைத் தூக்கிவிடுற சூடான மேல்காத்து, செத்துட்டா உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற சின்ன எஞ்சின், சஸ்டெய்னர்னும் சொல்வாங்க. தரையில இருந்து தானா கிளம்ப அதுக்குத் தெம்பு இல்ல. ஷெம்ப்-ஹிர்த் கம்பெனி கிளைடர்ல பேருக்குப் பின்னாடி டி இருந்தா சஸ்டெய்னர், எம் இருந்தா செல்ஃப் லாஞ்ச், ஆர்கஸ் டி, ஆர்கஸ் எம் மாதிரி. ஆனா ஷ்லைஹர் கம்பெனி கிளைடர்ல கொஞ்சம் உஷாரா இருக்கணும், ஏஎஸ்ஹெச் 26 ஈ செல்ஃப் லாஞ்ச், ஏஎஸ்ஜி 29 ஈ வெறும் சஸ்டெய்னர், ரெண்டுலயும் அதே ஈ தான். எழுத்தைப் பார்த்து முடிவு பண்ணாம மேனுவலைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

டர்போ எஞ்சின் பெரும்பாலும் சோலோ கம்பெனியோட 2350ங்குற சின்ன டூ ஸ்ட்ரோக். பல மாடல்ல ஸ்டார்ட்டர் மோட்டார் இல்ல, த்ராட்டிலும் இல்ல, ஓடினா ஃபுல்லா ஓடும் இல்லன்னா நிக்கும், அவ்ளோதான். ஸ்டார்ட் பண்றது எப்படின்னா, எஞ்சின் பெட்டிக் கதவு திறந்து பைலன் (ப்ராப்பெல்லரைத் தாங்குற மடக்குத் தூண்) மேல எழும்பி நின்னதும் மூக்கைக் கீழ அமுக்கி வேகம் எடுப்பீங்க, டிகம்ப்ரஷன் கைப்பிடியை இழுத்துப் பிடிச்சா காத்துலயே ப்ராப்பெல்லர் சுத்த ஆரம்பிக்கும், நல்லா சுத்துனதும் கைப்பிடியை விட்டா பத்திக்கும். பழைய புல்லட்ல டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சுக்கிட்டு தள்ளி ஸ்டார்ட் பண்ணவங்களுக்கு இது அப்படியே புரியும், என்ன, இங்க தள்ளிவிட ஆள் கிடையாது, உங்க உயரத்தைக் குடுத்துதான் வேகம் வாங்கணும். எவ்ளோ உயரம் போகும்ங்குறது உங்க மாடல் மேனுவல்ல இருக்கும், 100 மீட்டர் வரை போயிடும்னு மனசுல வச்சுக்கிட்டா ஏமாற்றம் இருக்காது. ஓட ஆரம்பிச்சா செகண்டுக்கு ஒரு மீட்டருக்கு முன்னபின்ன ஏறும்.

செல்ஃப் லாஞ்ச் வேற ஜாதி. 50, 60 குதிரை சக்திக்கு மேல, ஸ்டார்ட்டர், த்ராட்டில், டெம்பரேச்சர் மீட்டர், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் உண்டு, செகண்டுக்கு மூணு நாலு மீட்டர்கூட ஏறும். சோலோ 2625 ரொம்பப் பேர்கிட்ட இருக்கு. ஏஎஸ்ஹெச் 26 ஈ, 31 எம்ஐ மாதிரி ஷ்லைஹர் மாடல்ல வாங்கெல் ரோட்டரி எஞ்சின், அதுல எஞ்சின் உடம்புக்குள்ளயே இருந்துடும், ப்ராப்பெல்லர் மட்டும் பெல்ட் டிரைவோட மேல வரும், அதனால வெளிய நிக்கிற சாமான் கம்மி, சத்தமும் கம்மி, எனக்குப் பிடிச்சது அதுதான். எடையைப் பார்த்தா டர்போ தோராயமா 50 கிலோ சேர்க்கும், செல்ஃப் லாஞ்ச் அதுல ரெண்டு மடங்கு. நல்ல நாள்ல அந்த எடை வேகமாப் பறக்க உதவும், வீக்கான சாயங்கால தெர்மல்ல உங்க மேல வெறும் கிளைடர்காரன் சுத்திக்கிட்டிருப்பான், நீங்க கீழ இருந்து அண்ணாந்து பார்ப்பீங்க.

இப்ப முக்கியமான விஷயம். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதுன்னு வச்சுக்கிட்டே எப்பவும் பறக்கணும், டர்போவோ செல்ஃப் லாஞ்சோ ரெண்டுக்கும் இதே விதி. எஞ்சின் கிளைடர் விபத்துல திரும்பத் திரும்ப வர்ற கதை எஞ்சின் கெட்டுப்போச்சுங்குறது இல்ல, எஞ்சின் இருக்கேனு தைரியத்துல இறங்க ஒரு வயலே இல்லாத இடத்துக்கு மேல, 150 மீட்டர்ல வந்து சுவிட்சைப் போடுறது. கணக்கு இப்படி: எஞ்சின் உள்ள இருக்கும்போது உங்க கிளைட் ரேஷியோ (ஒரு மீட்டர் இறங்குறதுக்குள்ள எத்தனை மீட்டர் முன்னாடி போகும்ங்குற கணக்கு) 40னா 300 மீட்டர்ல இருந்து காத்து இல்லாத நாள்ல 12 கிலோமீட்டர் போகலாம். பைலன் வெளிய நின்னு எஞ்சின் ஓடலன்னா அது பாதிக்கும் கீழ விழும், 15னு வச்சுக்கிட்டா அதே 300 மீட்டர்ல நாலரை கிலோமீட்டர்தான், அதுலயும் டைவ் பண்ணி ஸ்டார்ட் பண்ணப் பார்த்ததுல 100 மீட்டர் போயிருந்தா மிச்சம் மூணு கிலோமீட்டர், எதிர்காத்து இருந்தா அதுவும் இல்ல.

அதனால வரிசையை மாத்தாதீங்க. 600 மீட்டருக்குக் கீழ வந்துட்டீங்க, தெர்மல் எதுவும் சிக்கலன்னா இறங்குறதுக்கு ஒரு வயலை முடிவு பண்ணுங்க. ஜெர்மனில ஆகஸ்ட்ல அறுவடை முடிஞ்ச கோதுமை வயல் தாராளமா கிடைக்கும், மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நிக்கும் அது வேணாம். காத்து எந்தப் பக்கம், கரண்ட் கம்பி இருக்கா, சரிவு எப்படினு பார்த்தாச்சா, இப்ப அந்த வயலுக்குப் பக்கத்துல போங்க. சக்கரத்தை இறக்கிடுங்க, இதைப் பல பேர் சொல்லமாட்டாங்க, ஆனா எஞ்சின் வராதப்ப பைலட்டோட கவனம் மொத்தமும் சுவிட்ச் மேலயும் கைப்பிடி மேலயும்தான் இருக்கும், சக்கரம் மறந்து வயித்துல இறங்குனவங்க நிறைய. அப்புறம் 400 மீட்டர் வாக்குல டவுன்விண்டுக்கு (இறங்குறதுக்கு முன்னாடி காத்து போற திசையில வயலுக்கு இணையாப் பறக்குற பாதை) பக்கத்துல இருந்துக்கிட்டு எஞ்சினை வெளிய எடுங்க. ஒரு தடவை முயற்சி, வேணும்னா இன்னொரு தடவை. ஓடலன்னா கை எஞ்சின் பக்கமே போகக்கூடாது, அது வெளிய நிக்கட்டும், நீங்க இறங்குங்க. பைலன் வெளிய இருக்குறப்ப கிளைடர் வழக்கத்தைவிட ரொம்பச் சரிவா இறங்கும், அதனால சர்க்யூட்டை (இறங்குறதுக்கு முன்னாடி போடுற சுத்து) வழக்கத்தைவிட நெருக்கமா போடணும், ஏர்பிரேக்கை (றெக்கையில எழும்பி கிளைடரைக் கீழ இறக்குற தகடு) ரொம்ப நிதானமாத் திறக்கணும்.

புதுசா வாங்குனவங்களுக்கு இன்னொண்ணு, பைலன் வெளிய இருக்குறப்ப கிளைடர் எப்படி இறங்குதுன்னு ஏர்ஃபீல்டுக்கு மேல நல்ல உயரத்துல வச்சு ஒரு தடவை வேணும்னே பார்த்துடுங்க, எஞ்சின் ஓடாம, நிமிஷத்துக்கு எவ்ளோ மீட்டர் போகுதுன்னு. அதைக் கண்ணால பார்த்தவன் 150 மீட்டர்ல சுவிட்சைத் தேடமாட்டான்.

ஓடிடுச்சுன்னா வீட்டுக்கு எப்படி வர்றது? டர்போவை வச்சுக்கிட்டு நேர்கோட்டுல உயரம் மாறாம ஓட்டிக்கிட்டே வர்றது வேஸ்ட். ஏறுங்க, எஞ்சினை உள்ள போடுங்க, கிளைட் பண்ணுங்க, தேவைப்பட்டா மறுபடி ஏறுங்க. செகண்டுக்கு ஒரு மீட்டர்னு 500 மீட்டர் ஏற எட்டு நிமிஷம் சொச்சம் ஆகும், 90 கிலோமீட்டர் வேகத்துல அதுக்குள்ளயே 12 கிலோமீட்டர் தாண்டியிருப்பீங்க, அப்புறம் எஞ்சின் உள்ள போனதும் அந்த 500 மீட்டர் இன்னொரு 20 கிலோமீட்டர் குடுக்கும். எட்டு நிமிஷப் பெட்ரோலுக்கு 32 கிலோமீட்டர், வழியில ஒரு தெர்மல் மாட்டுனா அது போனஸ். நடுவுல உள்ள போட்ட எஞ்சினை மறுபடி எடுக்கும்போதும் வயல் விதி அப்படியே பொருந்தும், ஒரு தடவை ஓடுச்சுங்குறதுக்காக ரெண்டாவது தடவை ஓடணும்னு அதுக்கு எந்தக் கட்டாயமும் இல்ல.

செல்ஃப் லாஞ்ச்ல ஒரு நல்ல விஷயம், காலையில அதே எஞ்சின்லதான் மேல வந்தீங்க, அதனால அது ஓடுதுனு தெரியும். ஸ்டார்ட்டர் இல்லாத டர்போவை தரையில ஓட்டிப் பார்க்குறது லேசு இல்ல, பெரும்பாலும் ஓடுதா இல்லையானு தேவைப்படுற நிமிஷத்துலதான் தெரியும், அதனால சீசன் முதல் பறப்புல ஏர்ஃபீல்டுக்கு மேலயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடணும். ஆனா செல்ஃப் லாஞ்ச்ல பேட்டரி செத்தா எல்லாம் செத்துச்சு, பைலனை மேல தூக்குறதும் கரண்ட், ஸ்டார்ட்டரும் கரண்ட். அஞ்சு மணி நேரம் ரேடியோ, நேவிகேஷன் கம்ப்யூட்டர் எல்லாம் அதே பேட்டரில ஓட்டிட்டு சாயங்காலம் சுவிட்சைப் போட்டா டிக் டிக்னு மட்டும் சத்தம் வரும். தனி பேட்டரி இருக்கானு வாங்கும்போதே பாருங்க.

டேக் ஆஃப்ல கவனிக்க வேண்டியது வேற. ப்ராப்பெல்லர் தலைக்கு மேல உயரத்துல இருக்கு, அது முன்னாடி தள்ளுறப்ப மூக்கைக் கீழ அமுக்கும். ஏறிக்கிட்டிருக்கும்போது எஞ்சின் டக்குனு நின்னா அந்த அமுக்கல் போயிடும், மூக்கு மேல தூக்கும், பைலனோ காத்தைப் பிடிச்சு இழுக்கும், சில செகண்டுல வேகம் காலி. ஸ்டிக்கை உடனே முன்னாடி தள்ளணும், யோசிக்க நேரமே கிடையாது, அதனால ஒவ்வொரு டேக் ஆஃபுக்கும் முன்னாடி இதை வாய்விட்டுச் சொல்லிக்கிறவங்க புத்திசாலிங்க. ஓடுபாதையில ஒரு அடையாளம் வச்சுக்குங்க, அதுக்குள்ள சக்கரம் தரையை விட்டுக் கிளம்பலன்னா த்ராட்டிலை மூடு. வெயில் காலத்துல, ஈரப் புல்லுல, லேசான ஏத்தத்துல இந்த ஓட்டம் நினைச்சதைவிட நீளும். றெக்கை நுனி உயரமான புல்லுல மாட்டினா கிளைடர் அப்படியே சுத்திடும், ஓரம் வெட்டியிருக்கானு நடந்து பாருங்க.

மேல போனதும் அவசரப்பட்டு உள்ள போடாதீங்க. த்ராட்டிலைக் குறைச்சு எஞ்சின் ஆறட்டும், அப்புறம் இக்னிஷன் ஆஃப், வேகத்தைக் குறைச்சா ப்ராப்பெல்லர் நிக்கும், காக்பிட் முன்னாடி ஒட்டியிருக்குற குட்டிக் கண்ணாடியில பார்த்து அது நேரா நிக்குதான்னு உறுதி பண்ணிட்டுதான் மடக்கணும். சாய்வா நின்னா மடக்காதீங்க, கதவும் ப்ராப்பெல்லரும் சேர்ந்து போகும். அந்தக் கண்ணாடியைப் பார்க்குற நேரத்துல வெளிய பார்க்க மறந்துடுறோம், கிளைடருங்க கூட்டமா சுத்துற தெர்மலுக்குப் பக்கத்துல இந்த வேலையே வேணாம்.

எலக்ட்ரிக் பத்திக் கேக்காம யாரும் விடமாட்டாங்க. ஸ்லொவேனியாவுல எல்இசட் டிசைன் பண்ற எஃப்இஎஸ், அதாவது மூக்குலயே மடங்குற ப்ராப்பெல்லர் வச்ச மோட்டார், பைலன் தொல்லையே இல்ல, சுவிட்ச் போட்டா சில செகண்டுல ஓடும், ஓடலன்னாலும் பெருசா இழுக்காது. மேல சொன்ன பயத்துல முக்கால்வாசி இதுல இல்ல, புதுசா வாங்குறவங்களுக்கு நான் கை காட்டுறது இதைத்தான். ஆனா தூரம் கம்மி, 100 கிலோமீட்டர்னு சொல்றதை நல்ல நிலைமைக்கான கணக்குனு எடுத்துக்குங்க. பேட்டரியை மரியாதையா வச்சுக்கணும், 2017 ஆகஸ்ட்ல இங்கிலாந்து பார்ஹாம்ல ஒரு எஃப்இஎஸ் கிளைடர் தரையிறங்குறப்ப பேட்டரி தீப்பிடிச்சுது, பைலட் வெளிய வந்து தப்பிச்சுட்டார். எங்கயாவது தட்டின, கீழ விழுந்த பேட்டரி பேக்கை பரிசோதிக்காம மாட்டாதீங்க. எலக்ட்ரிக்ல தானா கிளம்புறதும் உண்டு, லாங்கே கம்பெனியோட அன்டாரெஸ் 20 ஈ அதுக்கு 42 கிலோவாட் மோட்டாரோட ரொம்ப நாளா பறக்குது, விலை மட்டும் வேற லெவல். ஜெட்டும் இருக்கு, தென்னாப்பிரிக்காவோட ஜேஎஸ்1ல குட்டி ஜெட் சஸ்டெய்னர் வரும், இழுவை கம்மி, எரிபொருளை மட்டும் தண்ணியாக் குடிக்கும்.

போட்டியில பறக்குறவங்களுக்கு: உங்க லாகர் (பறந்த பாதையைப் பதிவு பண்ற கருவி) எஞ்சின் சத்தத்தையும் ரெக்கார்டு பண்ணுது, எஞ்சின் போட்ட இடத்துலயே நீங்க வயல்ல இறங்குன மாதிரி கணக்கு. எலக்ட்ரிக், ஜெட்டுக்கு சத்தம் மட்டும் பத்தாது, தனி சென்சார் கேப்பாங்க.

லைசென்ஸ் விஷயம், ஐரோப்பாவுல செல்ஃப் லாஞ்ச்ங்குறது தனி லாஞ்ச் முறை, இன்ஸ்ட்ரக்டரோட அஞ்சு, அவர் மேற்பார்வையில தனியா அஞ்சுனு பண்ணி லாக் புக்ல ஏத்தணும். அமெரிக்காவுலயும் அதுக்குத் தனி என்டார்ஸ்மென்ட் (லாக் புக்ல இன்ஸ்ட்ரக்டரோட கையெழுத்து) வேணும். டர்போவுல நீங்க வின்ச்லயோ டோலயோதான் போறீங்க, அதனால இந்த வேலை இல்ல, ஆனா தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நின்னு காக்பிட்ல ஒவ்வொரு சுவிட்சா சொல்லிக் குடுக்காம பறக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போனா, எஞ்சின் மணிக்கணக்கு கம்மியா இருந்தா சந்தோஷப்படாதீங்க, பத்து வருஷமா மூடியே வச்ச டூ ஸ்ட்ரோக்கைவிட அடிக்கடி ஓடுனது நல்லது. உங்க கண் முன்னாடி அஞ்சு தடவை வெளிய எடுத்து உள்ள போடச் சொல்லுங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம் எடுக்குதானு பாருங்க, எஞ்சின் பெட்டிக்குள்ள தலையை விட்டு பெட்ரோல் வாடை வருதா, ரப்பர் குழாய் விறைச்சிருக்கா, பெல்ட்ல வெடிப்பு இருக்கானு டார்ச் அடிச்சுப் பாருங்க. செல்ஃப் லாஞ்ச்னா அங்கயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, முக்கியமா அவர் நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வைக்கலங்குறதை எஞ்சினைத் தொட்டுப் பார்த்துட்டு.