கேம் கன்சோல் ஒன்றே வீட்டுக்குப் போதுமா? வாங்கும் முன் எடைபோடுவது எப்படி

"கேமும் ஆடலாம், படமும் பார்க்கலாம், ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்" என்று சொல்லித்தான் பாதி வீடுகளில் கன்சோலுக்கு அனுமதி வாங்குகிறார்கள். பையன் அப்பாவிடம் சொல்கிறான், கல்யாணமானவர் மனைவியிடம் சொல்கிறார். பொய் என்று ஒதுக்கவும் முடியாது. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடி ஓட்டியது, 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3 புளூ-ரே ஓட்டியது, தனியாக ஒரு பிளேயர் வாங்கும் செலவு மிச்சம் என்று அதற்காகவே வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அப்போது டிவி என்பது வெறும் திரை. இப்போது டிவிக்குள்ளேயே நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் உட்கார்ந்திருக்கின்றன, அதனால் "படம் ஓடுமா?" என்று கேட்டு ஒரு பயனும் இல்லை, ஓடும். கேட்க வேண்டியது, டிவி தராத எதைக் கன்சோல் தருகிறது, வீட்டில் கேம் ஆடாதவர்களுக்கு அதனால் வசதியா தொல்லையா என்பதுதான். என்னைக் கேட்டால் பின்னதற்குத்தான் எடை அதிகம்.

முதல் வேலை, வீட்டில் யார் எந்த ஆப்பில் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் மூன்றும் பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் இருக்கின்றன, அதில் சந்தேகம் வேண்டாம். சிக்கல் வருவது நம்ம ஊர் ஆப்களில். சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஆஹா, ஜீ5 என்று உங்கள் தாளில் எது இருக்கிறதோ அதையெல்லாம் கன்சோல் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் ஸ்டோரைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் வரும் சார்" என்று சொல்வதை நம்பிப் போகாதீர்கள், அவர் மனதில் இருப்பது நெட்ஃபிளிக்ஸ். இன்னொன்று, பிளேஸ்டேஷனில் கணக்கு தொடங்கும்போது எந்த நாட்டைக் கொடுக்கிறீர்களோ அந்த நாட்டு ஸ்டோர்தான் கண்ணில் படும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தபோது தொடங்கிய பழைய கணக்கோடு ஊருக்குத் திரும்பியவர்கள் இதை முதலிலேயே கவனிக்க வேண்டும். இந்த ஆப்களைப் பார்க்க பிளேஸ்டேஷன் பிளஸ், கேம் பாஸ் என்ற கேம் சந்தாக்களைக் கட்டத் தேவையில்லை, அந்தந்த ஓடிடி சந்தா மட்டும் போதும்.

அடுத்தது ரிமோட். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை, தினமும் சண்டை வருவதும் இதில்தான். கேம் கன்ட்ரோலரை வைத்துப் படம் பார்ப்பது என்றால் என்னவென்று ஒரு தடவை பார்த்தால் தெரியும்: சோபாவில் வைக்கிறீர்கள், பின்பக்கத்து விசை மெத்தையில் அழுந்துகிறது, படம் பாட்டுக்கு முன்னால் ஓடிவிடுகிறது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கன்ட்ரோலர் தானே அணைந்துவிடும், அப்புறம் போன் வந்து படத்தை நிறுத்த வேண்டும் என்றால் முதலில் அதை எழுப்ப வேண்டும். பிளேஸ்டேஷனுக்கு மீடியா ரிமோட் என்று தனியாக ஒன்று உண்டு, அதற்குத் தனிக் காசு.

காசில்லாத வழி, டிவி ரிமோட்டையே கன்சோலுக்கும் பேச வைப்பது. எச்டிஎம்ஐ வயர் வழியாகவே இது நடக்கும். பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க் என்பதை இயக்குங்கள். டிவி பக்கமும் இயக்க வேண்டும், அங்கேதான் ஆளுக்கொரு பெயர்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். இரண்டும் சேர்ந்தால் டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளாலேயே கன்சோல் மெனுவில் நகரலாம். அதே பக்கத்தில் ஒன்-டச் பிளே, பவர் ஆஃப் லிங்க் என்று இரண்டு இருக்கும், அவற்றை யோசித்து வையுங்கள். முதலாவது இயங்கினால், யாராவது கன்சோலைத் தட்டிய நொடியில் டிவி அதற்குத் தாவிவிடும், அம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியல் பாதியில் மறையும். இரண்டாவது இயங்கினால் டிவியை அணைக்கும்போது கன்சோலும் ரெஸ்ட் மோடுக்கு, அதாவது தூங்கும் நிலைக்கு, போகும், இது நல்லது, விடிய விடிய ஓடிக்கொண்டிருக்காது.

டிஸ்க் வாங்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம், இருப்பவர்களுக்கு இதுதான் கன்சோலின் உண்மையான பலம். 4கே புளூ-ரே டிஸ்கில் நொடிக்கு 128 மெகாபிட் வரை தகவல் ஓடலாம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறது. இந்த இடைவெளி இருட்டுக் காட்சிகளில் பளிச்சென்று தெரியும், ஸ்ட்ரீமிங்கில் கறுப்பு வானம் கட்டம் கட்டமாக உடைகிற இடத்தில் டிஸ்கில் சுத்தமாக இருக்கும். டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-உம் 4கே புளூ-ரே ஓட்டும். சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் நுழைய வழியே கிடையாது. பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் மாடலில் பழையதற்கு வழியில்லை, பின்னால் வந்த ஸ்லிம்முக்கு டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம், முதல் தடவை மாட்டும்போது இன்டர்நெட் வேண்டும்.

ஆனால் குறைகளும் உண்டு. பிளேஸ்டேஷன் 5 ஆடியோ சிடி ஓட்டாது, ஆக அலமாரியில் இருக்கும் பழைய பாட்டு சிடிகளுக்கு வேறு வழி பாருங்கள். காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் டால்பி விஷனும் அதில் இல்லை. எக்ஸ்பாக்ஸில் ஓடிடி ஆப்களுக்கும் கேமுக்கும் டால்பி விஷன் உண்டு, வேடிக்கை என்னவென்றால் டிஸ்குக்கு இல்லை. சாதாரண புளூ-ரேயில் மண்டலப் பிரிவு இருக்கிறது: இந்தியாவும் இலங்கையும் சி, மலேசியாவும் சிங்கப்பூரும் ஏ, பிரிட்டன் பி. லண்டன் மாமா வாங்கி வந்த டிஸ்க் இங்கே வாங்கிய கன்சோலில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்குக்கு இந்தப் பிரிவு கிடையாது.

பென் டிரைவில் படம் வைத்துப் பார்க்கிறவரா? அப்படியென்றால் எக்ஸ்பாக்ஸ். படம் ஓட்டும் ஆப்களான விஎல்சி, கோடி இரண்டும் அதன் ஸ்டோரிலேயே கிடைக்கும். பிளேஸ்டேஷன் 4-இல் இருந்த மீடியா பிளேயர் 5-க்கு வரவே இல்லை, கணினியில் இருக்கும் படங்களை வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பும் பிளெக்ஸ் சர்வரைப் போட்டு அங்கிருந்துதான் இழுக்க வேண்டும். இவ்வளவு விலை கொடுத்த பெட்டி, மலிவு டிவிகூடச் செய்கிற வேலையைச் செய்யாதது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

சத்தம் விஷயத்தில், பழைய ஹோம் தியேட்டர் வைத்திருந்தால் அதன் பின்னால் ஒருமுறை பாருங்கள். ஆப்டிகல் வயர் மட்டும்தான் என்றால் இந்த இரண்டு கன்சோலிலும் அந்த ஓட்டை கிடையாது, டிவியின் ஆப்டிகல் வெளியீட்டில் இருந்துதான் எடுக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனும் இரண்டிலும் நேரடியாகச் சேராது. ராத்திரி மற்றவர்கள் தூங்கும்போது பார்க்க, வயர் ஹெட்போனைக் கன்ட்ரோலரில் செருகிக்கொள்ளலாம்.

மின்சாரத்துக்கு வருவோம். படம் மட்டும் ஓடும்போதே பிளேஸ்டேஷன் 5 ஏறக்குறைய 50 முதல் 70 வாட் இழுக்கும், பெரிய கேம் என்றால் 200 வாட் பக்கம் போகும். டிவியில் செருகி ஓடிடி பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஐந்து வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். 60 வாட் என்று வைத்து தினம் 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 14 யூனிட்டுக்கு மேல், ஸ்டிக்கில் ஒரு யூனிட்டைச் சுற்றி. பெரிய தொகை இல்லைதான், ஆனால் தமிழ்நாட்டில் கட்டணம் ஏறும் 500 யூனிட் கோட்டை ஒட்டியே ஓடும் வீடுகளில் இதுவும் கணக்கில் வரும். கரண்ட் போகும் ஊராக இருந்தால் இன்னொரு தலைவலி: ஓடும்போது பட்டென்று நின்றால், திரும்பப் போட்டதும் சரியாக அணைக்கவில்லை என்று புகார் சொல்லி சேமிப்பைச் சோதிக்க ஆரம்பிக்கும், சீரியல் பார்க்க வந்தவர் காத்திருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட், ஈகோ மோட் என்று விசை இருந்தால் யுபிஎஸ் பக்கம் வையுங்கள், மாறும் நேரம் குறையும்.

கன்சோலையே வீட்டின் மையமாக்கும் முயற்சி 2013-இலேயே நடந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் செட் டாப் பாக்ஸைச் செருகவே ஒரு எச்டிஎம்ஐ உள்வாங்கி வைத்து, உடல் அசைவைப் பார்க்கும் கினெக்ட் கேமராவையும் சேர்த்து 499 டாலருக்கு விற்றார்கள், பக்கத்தில் பிளேஸ்டேஷன் 4 வந்தது 399 டாலருக்கு. கேம் ஆடுபவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சீரிஸ் எக்ஸ்-இல் அந்த உள்வாங்கி இல்லை.

ஆக, வீட்டில் ஒருவராவது வாரத்தில் சில நாள் கேம் ஆடுவார், டிஸ்கும் வாங்குவீர்கள் என்றால் டிஸ்க் போடும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கேம் ஆடுவார், டிஸ்க் வேண்டாம் என்றால் விலை குறைந்த மாடல் போதும். யாருமே ஆட மாட்டார்கள், படத்துக்காக மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம், அந்தக் காசில் நல்ல சவுண்ட்பார் வரும். நின்டெண்டோ சுவிட்ச் இந்தக் கணக்கிலேயே சேராது, அது முக்கியமாக ஆட்டத்துக்குத்தான்.

எதை வாங்கினாலும் பழைய ஸ்டிக்கைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். பையன் ஆட்டத்தின் நடுவில் இருக்கும்போது கன்சோலில் வேறு யாரும் படம் பார்க்க முடியாது, ஸ்டிக் இருந்தால் இன்னொரு அறை டிவியில் செருகலாம். கன்சோல் சர்வீஸுக்குப் போன வாரத்திலும் அதுதான் கைகொடுக்கும். செருகும்போது டிவியின் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள்: நிறைய டிவிகளில் வேகம் கூடிய எச்டிஎம்ஐ 2.1 துளை இரண்டுதான் இருக்கும், அதில் ஒன்றே சவுண்ட்பாருக்கான ஈ-ஆர்க் துளையாகவும் இருக்கும். அதில் சவுண்ட்பார், மற்ற 2.1-இல் கன்சோல், மிச்சம் இருக்கும் சாதாரணத் துளையில் ஸ்டிக்.