கிணற்றை விட்டு வெளியே வராத பேய்: திகில் எழுத்து மாநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் கலந்துகொண்ட முதல் திகில் எழுத்து மாநாட்டில் எனக்கு 20 நிமிட வாசிப்பு ஒதுக்கியிருந்தார்கள். நீளமான கதை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். பாழடைந்த வீடு, பின்னால் தோட்டம், தோட்டத்தின் நடுவே கிணறு, கிணற்றைச் சுற்றிப் படர்ந்த கொடி என்று நிதானமாக வாசித்துக்கொண்டே போனேன். கிணற்றுக்குள் இருப்பது தலையை நீட்டப்போகும் பக்கத்தைத் திருப்பினேன். கதவருகே, அடுத்து வாசிக்க வேண்டிய பெண்மணி தன் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். நேரம் முடிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஏழு பேரும் கைதட்டினார்கள், மரியாதைக்கு. என் பேய் கிணற்றை விட்டு வெளியே வரவே இல்லை.

பிறகு வேறு சில மாநாடுகளுக்கும் போய்வந்தேன். நான் விழுந்த குழிகளிலேயே புதிதாக வருகிறவர்களும் விழுவதைப் பார்க்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: எழுத்தாளர் கடை விரிக்கப் போகிறார், அங்கே கூடியிருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்க வந்திருக்கிறார்கள்.

முதல் தவறு வீட்டிலிருந்து புறப்படும் முன்பே நடந்துவிடுகிறது. திகில் மாநாடு என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு கூட்டங்கள் நடக்கின்றன. ஒன்று திரைப்பட ரசிகர்களின் திருவிழா: நடிகர்களிடம் கையெழுத்து, முகமூடிகள், ரத்தம் வழியும் ஒப்பனை. மற்றொன்று எழுத்தைச் சுற்றிக் கூடுவது. ஹாரர் ரைட்டர்ஸ் அசோசியேஷன் என்ற திகில் எழுத்தாளர் சங்கம் 2016இல் தொடங்கிய ஸ்டோக்கர்கான், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் பெயரைச் சுற்றி நடக்கும் நெக்ரோனோமிக்கான் போன்றவை இந்த வகை. முதல் வகைக்கு நாவலின் கைப்பிரதியோடு போனால் அதைக் கேட்பதற்கு ஆள் இருக்காது. இரண்டாவது வகைக்கு ரத்தக்காட்டேரி வேடத்தில் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்; ஆனால் நீங்கள் எழுதுகிறவர் என்பதை அவர்களுக்குப் புரியவைக்கவே பாதி நாள் போய்விடும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். வாசிப்பு அமர்வுகளும் பதிப்பாசிரியர் சந்திப்புகளும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வருகிறவர்கள் இருண்ட மனிதர்களாக இருப்பார்கள் என்று எண்ணுவதும் வீண். 2017இல் ஸ்டோக்கர்கான் நடந்த இடம் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிலையாக நிற்கும் குவீன் மேரி கப்பல். பேய் உலவுவதாகப் பெயர் வாங்கிய கப்பல் அது. இடத்தேர்வில் அந்த அளவுக்குக் குறும்பு உண்டு. மற்றபடி நான் பார்த்தவரையில், பக்கத்துக்குப் பக்கம் பிணம் விழவைப்பவர்கள்தான் நேரில் மிகவும் சாதுவாகப் பேசுகிறார்கள். அவர்களிடம் உங்கள் கதையிலேயே குரூரமான காட்சியைச் சொல்லி அசத்தப் பார்க்காதீர்கள். அவர்கள் அதைவிடக் குரூரமாக எழுதியவர்கள். கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்பார்கள்.

இனி வாசிப்பு. இதில் நான் பட்டது அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

20 நிமிடம் என்றால் 15 நிமிடத்துக்கு மட்டுமே தயாரியுங்கள். முன்னால் வாசித்தவர் இழுத்தடிப்பார், ஒலிபெருக்கி மக்கர் செய்யும், யாராவது தாமதமாக வந்து நாற்காலியை இழுப்பார்கள். வீட்டில் மனத்துக்குள் வாசித்துக் கணக்குப் போடுவதும் உதவாது. கண் ஓடும் வேகத்துக்கு வாய் ஓடாது. எழுந்து நின்று, கடிகாரத்தை முன்னால் வைத்து, உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறையாவது.

கதையை முழுதாக வாசிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இன்னொரு தவறு. ஒரு காட்சி போதும். இரண்டே பாத்திரங்கள் இருக்கும் காட்சியாகத் தேர்ந்தெடுங்கள். ஐந்து பெயர்கள் வந்தால் கேட்பவர் மூன்றாவது பெயரிலேயே நம்மைக் கைவிட்டுவிடுவார். அச்சில் அழகாக இருக்கும் வருணனைகளை வாசிப்புப் பிரதியில் அடித்துவிடலாம். என் கிணற்றைச் சுற்றிய கொடிக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருந்தேன். இப்போது அதே கதையை வாசிக்கும்போது கொடி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. யாரும் கொடியைத் தேடவில்லை. பிரதியைத் தாளில், பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் வாசித்த ஒருவருக்குக் கொலை நடக்கும் இடத்தில் அழைப்பு வந்தது. கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் அவருக்கு மிச்சமிருந்த நேரமும் போய்விட்டது.

திகிலை வாசிப்பதற்கென்றே ஒரு பிழையும் இருக்கிறது: பயமான இடத்தில் குரலை உயர்த்துவது. கத்தினால் கேட்பவர் திடுக்கிடுவார், அவ்வளவுதான். அடுத்த நொடி சிரித்துவிடுவார். குரலைத் தாழ்த்தினால் அவரே முன்னால் சாய்ந்து கேட்பார். சாய்ந்தவரைத்தான் பயமுறுத்த முடியும். வாசிப்பின் நடுவே யாராவது சிரித்தால் நொந்துபோக வேண்டாம். பயம் கூடும்போது சிலருக்குச் சிரிப்பாகத்தான் வெளிவருகிறது. மர்மம் உடையும் இடத்துக்கு ஒரு வரி முன்பாக நிறுத்திவிடுங்கள். என்னைப் போலத் தற்செயலாக நின்றுவிடக் கூடாது, தெரிந்தே நிறுத்த வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூட்டத்துக்கு உடனே புரியும். குழந்தைகளையோ விலங்குகளையோ வதைக்கும் காட்சி வருமானால் தொடங்கும் முன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவது நல்லது. கதையின் சூட்டை அது குறைப்பதில்லை.

ஏழு பேர்தான் வந்தார்கள் என்று வருந்தியதும் என் அறியாமை. பக்கத்து அறையில் புகழ்பெற்ற ஒருவர் பேசும் நேரத்தில் ஏழு பேர் வந்தது பெரிய விஷயம் என்று பிற்பாடு தெரிந்தது.

கலந்துரையாடல் மேடையில் இடம் கிடைத்தால், உங்கள் புத்தகங்களை முன்னால் வரிசையாக நிறுத்தி மதில் கட்டாதீர்கள். ஒருவர் ஆறு நூல்களை நிமிர்த்தி வைத்துவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்தார். மூன்றாம் வரிசையிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது அவருடைய நெற்றி மட்டுமே. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறொரு தவறு உண்டு: “இது கேள்வி அல்ல, ஒரு கருத்து” என்று தொடங்கித் தன் நாவலின் கதையைச் சொல்லி முடிப்பது. நெறியாளரின் முகம் வாடுவதை அப்படிப் பேசுகிறவர் மட்டும் கவனிப்பதில்லை.

பதிப்பாசிரியர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதில்தான் அதிகக் குழப்பம். கழிப்பறை வாசலில் கைப்பிரதியை நீட்டியவர்களைப் பற்றிய கதைகள் எல்லா மாநாட்டிலும் உலவுகின்றன. அவற்றில் பாதியாவது உண்மையாக இருக்கும் என்றே நினைக்கிறேன். பல மாநாடுகளில் இதற்கென்றே சில நிமிடச் சந்திப்புகளை முன்பதிவு செய்துகொள்ளலாம். அதில் கதையின் முதல் அத்தியாயத்திலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தால் இரண்டாம் அத்தியாயத்துக்குள் மணி அடித்துவிடும். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், அவரை நோக்கி என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதை மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தைப் பதிப்பாசிரியரின் கேள்விகளுக்கு விடுங்கள். “இதுவரை யாரும் எழுதாத கதை” என்று மட்டும் சொல்ல வேண்டாம். எதிரே இருப்பவர் நூற்றுக்கணக்கில் வாசித்தவர். உங்களுக்கு முன்னால் எழுதியவர்களின் பெயர்களை உடனே அடுக்கிவிடுவார். மாறாக, எந்த வகைக் கதைகள் அவருக்கு அலுத்துவிட்டன என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஒருவர் மலர்ந்த முகத்தோடு பத்து நிமிடம் பேசினார். தான் இறந்துவிட்டதைக் கடைசிப் பத்தியில் கண்டுபிடிக்கும் நாயகன் அவர் பட்டியலில் முதலிடம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, “அனுப்புங்கள், பார்க்கிறேன்” என்று அவர் சொன்ன பிறகு அனுப்பாமல் இருப்பது. மரியாதைக்குச் சொன்னார் என்று எண்ணிவிடுகிறோம். அல்லது இன்னும் ஒருமுறை திருத்தலாம் என்று ஆறு மாதம் உட்கார்ந்துவிடுகிறோம். வேண்டாதவர்களிடம் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. வேலை ஏற்கெனவே தலைக்கு மேல் கிடக்கும்போது எதற்குச் சொல்வார்கள்?

காலை அமர்விலிருந்து நள்ளிரவு வரை ஒன்றையும் விடக் கூடாது என்று ஓடுவதும் உதவாது. மாநாட்டுக்காரர்களிடையே 5-2-1 என்றொரு கணக்கு உண்டு: நாளொன்றுக்குக் குறைந்தது 5 மணி நேரத் தூக்கம், 2 வேளைச் சாப்பாடு, 1 குளியல். வேடிக்கையாகச் சொல்வதுதான். ஆனால் மூன்றாம் நாள் லிஃப்டில் ஏறினால் அந்தக் கடைசி எண் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று புரியும். உண்மையான பேச்சு நடப்பதும் அமர்வுகளில் அல்ல, ஹோட்டல் லாபியிலும் மதுக்கூடத்திலும்தான். குடிக்காதவர்கள் சோடாவோடு நிற்கலாம். யாரும் கோப்பைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தெரிந்தவர்களோடு வட்டமாக நிற்கும்போது ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நில்லுங்கள். முதல் மாநாட்டில் அப்படி ஓர் இடைவெளிக்காக நான் தூணுக்குத் தூண் நடந்திருக்கிறேன்.

விருது விழாவுக்குப் போனால் ஒரு நுணுக்கம். ஹாரர் ரைட்டர்ஸ் அசோசியேஷன் வழங்கும் பிராம் ஸ்டோக்கர் விருது “ஆண்டின் சிறந்த நாவல்” என்று எதையும் அறிவிப்பதில்லை; “உயர்ந்த சாதனை” என்றுதான் குறிப்பிடுகிறது. எழுத்தாளர்களை ஒருவரோடொருவர் மோதவிடக் கூடாது என்ற எண்ணம். விருதுச் சின்னம் ஒரு குட்டிப் பேய்வீடு. அதன் கதவைத் திறந்தால் உள்ளே வென்றவரின் பெயர் இருக்கும். திறந்து பார்க்க ஆசைதான். சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுத் திறங்கள்.

கடைசியாக, பெற்றுக்கொண்ட முகவரி அட்டைகள். கொடுத்தவர் யார், என்ன பேசினோம் என்று அன்றிரவே அட்டையின் பின்புறம் முழு வாக்கியமாக எழுதிவையுங்கள். அந்த முதல் மாநாட்டுக்குப் போட்டுச்சென்ற கோட்டை மறுபடி எடுத்தபோது, பையில் ஓர் அட்டை கிடைத்தது. முன்பக்கம் தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. பின்பக்கம் என் கையெழுத்தில் “கிணறு – கட்டாயம் அனுப்பு” என்றிருந்தது. யாருக்கு என்று இன்று வரை நினைவுக்கு வரவில்லை.