அமெரிக்கத் துப்பாக்கி அரசியலைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "அங்க மிட்டாய் வாங்குற மாதிரி மெஷின் கன் வாங்கலாம்" என்று எழுதிவிடுவார், இன்னொருவர் "எல்லாம் என்ஆர்ஏ காசு" என்று, அங்குள்ள துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கத்தைச் சொல்லி முடித்துவைப்பார். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் இந்தத் தகவல்களோடு டெக்சஸில் ஒரு துப்பாக்கிப் பிரியரிடம் வாதம் பண்ணப் போனால் இரண்டாவது நிமிடமே உங்களை ஓரங்கட்டிவிடுவார். சட்டமும் கருவியும் அவருக்கு அத்துப்படி, நமக்கு இரண்டுமே சினிமாவில் பார்த்ததுதான்.

முதலில் அந்த மெஷின் கன் கதையை விட்டுவிட வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தால் தோட்டா நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது முழுத் தானியங்கி. ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டா, அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றால் அரைத் தானியங்கி. செய்திகளில் அடிபடும் ஏஆர்-15 ரைஃபிள், கடையில் விற்கும் வடிவத்தில், இரண்டாவது வகை. முழுத் தானியங்கியை 1934-லேயே கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கைரேகை, பதிவு, 200 டாலர் வரி என்று வைத்தார்கள், அந்தக் காலத்து விலைவாசியில் அந்த வரி துப்பாக்கியின் விலையையே எட்டிப்பிடிக்கும். 1986 மே மாதத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றைத் தயாரித்துச் சாதாரண ஆளுக்கு விற்கவே முடியாது. அதனால் அதற்கு முன்பு பதிவான பழைய துப்பாக்கிகள் சேகரிப்பாளர்களிடையே பல்லாயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன.

இதைத் தெரிந்துகொண்டதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து "அரைத் தானியங்கிதானே, என்ன பெரிய விஷயம்" என்பார்கள். அதுவும் தவறு. 2017 அக்டோபரில் லாஸ் வேகஸில் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தை நோக்கிச் சுட்டவன் பம்ப் ஸ்டாக் என்ற இணைப்பைப் பொருத்தியிருந்தான், அது பின்னுதைப்பைப் பயன்படுத்தி அரைத் தானியங்கியைக் கிட்டத்தட்ட மெஷின் கன் வேகத்தில் சுட வைக்கும். ட்ரம்ப் ஆட்சியே 2018 கடைசியில் அதைத் தடை செய்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அந்தத் தடையைத் தூக்கிப்போட்டது. உடனே பலர், துப்பாக்கி உரிமை வென்றது என்று எழுதினார்கள். அந்த வழக்கில் உரிமை என்ற பேச்சே முக்கியமில்லை. மெஷின் கன் என்றால் என்ன என்று பழைய சட்டம் சொல்லும் வரையறைக்குள் இந்த இணைப்பு வருமா வராதா என்பதுதான் கேள்வி. வராது என்றார்கள், அவ்வளவே. நாடாளுமன்றம் நினைத்தால் நாளைக்கே சட்டம் போட்டுத் தடுக்கலாம், ஆனால் நினைக்க மாட்டார்கள்.

(சைலன்சர் மாட்டினால் சத்தமே கேட்காது என்பதும் சினிமாதான். காதைக் கெடுக்காத அளவுக்குக் குறைக்கும், மற்றபடி நன்றாகவே கேட்கும். அதற்கும் அதே 1934 சட்டப்படி 200 டாலர் வரி இருந்தது, 2025-ல் போட்ட சட்டத்தால் 2026 ஜனவரியிலிருந்து அந்த வரி பூஜ்யம். பதிவு மட்டும் இன்னும் உண்டு.)

அடுத்தது, "அமெரிக்கச் சட்டம்" என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுவது. மத்திய சட்டம் ஒரு தரைமட்டம்தான், அதற்கு மேல் 50 மாநிலங்களும் தங்கள் இஷ்டத்துக்குக் கட்டியிருக்கின்றன. மாசசூசெட்ஸில் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே உள்ளூர்க் காவல்துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். பக்கத்து மாநிலமான வெர்மாண்டில், இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போக எந்தக் காலத்திலும் உரிமம் கேட்டதில்லை, அதுவும் ஜனநாயகக் கட்சிக்கு விழுந்து விழுந்து ஓட்டுப் போடும் மாநிலம். டெக்சஸ் 2021-லிருந்து உரிமம் இல்லாமலே எடுத்துப் போகலாம் என்றாக்கியது, இப்படி விட்ட மாநிலங்கள் இப்போது பாதிக்கு மேல். பென்சில்வேனியா கொடுத்த உரிமம் பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் போனதும் வெறும் காகிதம், அது தெரியாமல் போய்க் கைதானவர்கள் உண்டு.

பின்னணிச் சோதனையிலும் இதே குழப்பம். உரிமம் பெற்ற கடைக்காரர் விற்றால், 4473 என்ற படிவத்தை நிரப்பி, வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவரா என்று எஃப்பிஐ நடத்தும் அமைப்பில் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், 1998-லிருந்து இதுதான் நடைமுறை. ஆனால் கடைக்காரர் அல்லாத ஒருவர், தன் பழைய துப்பாக்கியை அதே மாநிலத்து ஆளுக்கு விற்றால் மத்திய சட்டம் சோதனை கேட்பதில்லை. கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற மாநிலங்கள் அதையும் கேட்கின்றன. "கன் ஷோ ஓட்டை" (கன் ஷோ என்றால் துப்பாக்கிச் சந்தை) என்று சொல்கிறார்களே, அங்கே பிரச்சினை இடத்தில் இல்லை, விற்பவர் யார் என்பதில்தான். கன் ஷோவில் மேசை போட்டிருக்கும் கடைக்காரரும் சோதனை செய்தாக வேண்டும், பக்கத்தில் நிற்கும் தனி ஆள் செய்யத் தேவையில்லை. இந்த வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல்தான் கட்டுப்பாடு கேட்பவர்கள் பாதி விவாதங்களில் தோற்கிறார்கள்.

துப்பாக்கி என்றால் குடியரசுக் கட்சி, வெள்ளைக்காரக் கிழவர், பெரிய பிக்கப் வண்டி என்று ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. முழுப் பொய் இல்லை. 2023-ல் ப்யூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் குடியரசுக் கட்சி பக்கம் 45 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ஜனநாயகக் கட்சி பக்கமும் 20 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவர். கமலா ஹாரிஸ் 2024 பிரசாரத்தின்போது தன்னிடம் க்ளாக் கைத்துப்பாக்கி இருப்பதைத் தொலைக்காட்சிப் பேட்டியிலேயே சொன்னார். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் 72 சதவீதம் பேர் சொல்லும் முக்கியக் காரணம் பாதுகாப்பு, வேட்டை என்பவர்கள் அதில் பாதிகூட இல்லை. அப்பா காலத்து மான் வேட்டைக்காரரும், ஏஆர் உதிரிபாகங்களை வாங்கிக் கேரேஜில் பூட்டிப் பார்க்கிற இளைஞரும், சனிக்கிழமை காலையில் சுடும் போட்டிக்குப் போகிற பெண்மணியும் ஒரே கூட்டம் கிடையாது. "என் ரைஃபிளைத் தொடாதவரை எதையாவது தடை செய்துகொள்" என்று இருக்கும் வேட்டைக்காரர்களை மற்றவர்கள் வெளிப்படையாகவே கேலி செய்வார்கள்.

வரலாறு இன்னும் சுவாரசியம். 1967 மே மாதம் கறுப்பின உரிமைக்காக நின்ற பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் குண்டு நிரப்பிய துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நடந்துபோனார்கள். அவர்களைக் குறிவைத்து ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த மசோதா சீக்கிரமே சட்டமானது, பொது இடத்தில் நிரப்பிய துப்பாக்கி எடுத்துப் போவது தடை. கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். கறுப்பர் கையில் துப்பாக்கி வந்தபோது கட்டுப்பாடு எத்தனை வேகமாக வந்தது என்பதை அங்குள்ள கறுப்பினத் துப்பாக்கி ஆர்வலர்கள் இன்றும் எடுத்துச் சொல்வார்கள், அவர்களுக்கென்று 2015-ல் தொடங்கிய தேசியச் சங்கமே இருக்கிறது. இன்னொரு பக்கம், 2018-ல் பார்க்லாந்து பள்ளியில் 17 பேர் இறந்ததும் ஃப்ளோரிடாவில் வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தி, ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுபவரின் துப்பாக்கியை எடுத்துவைக்கவும் வழி செய்த சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட்.

சரி, என்ஆர்ஏ. இதில்தான் எனக்கு எரிச்சல் அதிகம், ஏனென்றால் எல்லாப் பழியையும் ஒரு அமைப்பின் தலையில் போட்டுவிட்டால் யோசிக்கும் வேலை மிச்சம். 1871-ல் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்த அதிகாரிகள், தங்கள் சிப்பாய்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்று தொடங்கிய சங்கம் அது. நூறு ஆண்டுக்காலம் பெரும்பாலும் பயிற்சி, போட்டி, வேட்டை என்றே ஓடியது. 1977-ல் சின்சினாட்டி கூட்டத்தில் ஒரு கோஷ்டி பழைய தலைமையைக் கவிழ்த்தது, இன்றைக்கு நாம் பார்க்கும் முறைப்பு அங்கிருந்துதான். ஆனால் அந்த அமைப்பு இப்போது தளர்ந்துபோய்க் கிடக்கிறது. 2024 ஜனவரியில் அதை நீண்டகாலம் நடத்திவந்த வெய்ன் லாபியேர் பதவி விலகுவதாக அறிவித்தார், அடுத்த மாதமே நியூயார்க் நடுவர் குழு, அவர் சங்கப் பணத்தை முறைகேடாகச் செலவழித்தார் என்று தீர்ப்புச் சொன்னது. அப்படி இருந்தும் சட்டங்கள் இறுகினவா? பல மாநிலங்களில் இன்னும் தளர்ந்தன.

காரணம், பலம் பணத்தில் மட்டும் இல்லை. இந்த ஒரே விஷயத்தை வைத்து ஓட்டுப் போடும் லட்சக்கணக்கானவர்கள் ஒரு பக்கம், மேலவையான செனட்டின் அமைப்பு இன்னொரு பக்கம். 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் ஆளுக்கு இரண்டு உறுப்பினர்கள். பெரும்பாலான மசோதாக்கள் அங்கே ஓட்டெடுப்புக்கு வரவே 60 பேர் தேவை. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட நான்கு மாதத்தில், 2013 ஏப்ரலில், பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதாத் திருத்தம் 54 ஓட்டு வாங்கியும் தோற்றது இதனால்தான். ஒன்றுமே நடப்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. உவால்டே பள்ளிச் சம்பவத்துக்கு அடுத்த மாதம், 2022 ஜூனில், இரு கட்சி ஆதரவோடு ஒரு சட்டம் வந்தது, பெரிதாக இல்லை என்றாலும் ஏறத்தாழ 30 ஆண்டுகளில் முதல்.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் "அந்த இரண்டாவது திருத்தத்தையே நீக்கிவிட வேண்டியதுதானே" என்பவர்களுக்கு: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் 38 மாநிலங்களின் ஒப்புதல். நடக்காது. 1791-லிருந்து இருக்கும் அந்த வரி தனிமனித உரிமையைத்தான் சொல்கிறது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-ல்தான், அதுவும் 5-4. அதே தீர்ப்பில் இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்றும் இருக்கிறது, ரசிகர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார்கள். 2022-ல் வந்த தீர்ப்பு, ஒரு கட்டுப்பாடு செல்ல வேண்டுமானால் நாட்டின் பழைய வரலாற்றில் அதற்கு இணையானது இருக்க வேண்டும் என்றது. கீழ் நீதிமன்றங்கள் பழைய சட்டப் புத்தகங்களைத் தூசி தட்ட ஆரம்பித்தன. குடும்ப வன்முறைக்காகத் தன்மேல் நீதிமன்றத் தடை உத்தரவு உள்ளவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாமா என்பதுவரை சந்தேகம் வந்து, 2024-ல் 8-1 என்று "வைக்கலாம்" என்ற பதில் கிடைத்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சாவுகளைப் பற்றியது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் பாதிக்கும் மேல் தற்கொலை. கூட்டக் கொலைகள் மொத்தத்தில் சிறிய பங்கு, கொலைகளிலும் பெரும்பாலும் கைத்துப்பாக்கிதான். ஏஆர்-15 தடை ஒன்றையே பேசிக்கொண்டிருந்தால் படுக்கையறை அலமாரியில் இருக்கும் பிஸ்டல் கண்ணிலேயே படாது. வீட்டில் பூட்டி வைக்க வேண்டும், வாங்கியதும் கையில் கிடைக்கச் சில நாள் காத்திருக்க வேண்டும் என்பது போன்ற சலிப்பான சட்டங்களுக்குத்தான் உண்மையில் அதிக வேலை இருக்கிறது என்பது என் எண்ணம், தொலைக்காட்சியில் அதைக் கத்திப் பேச முடியாது என்பது வேறு விஷயம்.

கடைசியாக, அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு. லாஸ் வேகஸுக்குப் போனால் சுடும் கூடத்தில் ஒரு மேகசின் காலி செய்து வீடியோ போடுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. எச்-1பி வேலை விசா, எஃப்-1 மாணவர் விசா, சுற்றுலா விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் இதில் அடங்கும். வழக்கமான விதிவிலக்கு, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கூடத்தில் யாரும் கேட்கவில்லை என்பதால் சட்டம் மாறாது, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை கிடைத்தால் நாடு கடத்தவும் அதுவே போதும். கிரீன் கார்டு வந்தபின் வாங்கலாம், ஆனால் 4473 படிவத்தில் கஞ்சா பற்றி ஒரு கேள்வி உண்டு, உங்கள் மாநிலத்தில் அது கடையிலேயே விற்றாலும் மத்திய சட்டத்தில் இன்னும் குற்றம்தான் என்று அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். போதைப் பழக்கம் பற்றி அதே படிவத்தில் பொய் சொன்னதற்காகத்தான் 2024-ல் பதவியில் இருந்த அதிபரின் மகன் ஹண்டர் பைடன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அவருக்கு மன்னிப்பு கொடுக்க அப்பா இருந்தார். நீங்கள் போவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.