மூடுபனி வருவதற்குள் ஒரு படம்: நீலகிரியில் உட்கார்ந்து வரைய சில வழிகள்

முதல் தடவை ஊட்டிக்குப் படம் வரையப் போனபோது நான் தூக்கிக்கொண்டு போன மூட்டையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏ3 அளவில் ஒரு பலகை, மடக்கு ஈஸல் (படம் வைக்கும் தாங்கி), 24 ட்யூப் பெயிண்ட், எதற்கென்றே தெரியாமல் ஒரு டஜன் ப்ரஷ். தொட்டபெட்டா உச்சியில், 2,637 மீட்டர் உயரத்தில், கூட்டத்துக்கு நடுவே இத்தனையையும் விரித்து, வானத்துக்கு ஒரு வாஷ் (தண்ணீராகக் கலந்த வண்ணப் பூச்சு) போட்டு நிமிர்ந்தால் எதிரே மலையைக் காணோம். வெள்ளையாக ஒரு சுவர்தான் நின்றது. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வாஷும் காயவில்லை, மலையும் திரும்பி வரவில்லை. பக்கத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தவர்தான் "இனிமே நாளைக்குக் காலைலதாங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு தடவை போய்விட்டேன். இப்போது என் பை ஒரு கிலோவைத் தாண்டாது. பேப்பர் ஏ5, அதாவது பள்ளி நோட்டைவிடச் சின்னது. ஒரு படத்துக்கு 40 நிமிடம்தான். அதற்குமேல் மலையில் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்காது, வாட்டர்கலரில் பெரிய படம் போட்டால் பாதியிலேயே நிழல் இடம் மாறிவிடும், நீங்கள் இரண்டு வேறு நேரங்களை ஒரே படத்தில் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, என்ன எடுத்துப் போகலாம்? பேப்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம்), கோல்ட் பிரஸ் (சற்றுச் சொரசொரப்பான பரப்பு), முடிந்தால் முழுப் பருத்தி. மெல்லிய பேப்பர் மலை ஈரத்தில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பெயிண்ட் ஆறு நிறம் போதும்: அல்ட்ராமரைன் நீலம், லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), அலிஸரின் கிரிம்சன் (அடர் சிவப்பு), சந்தேகத்துக்கு ஒரு ஸாப் கிரீன் (இலைப் பச்சை). கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ட்யூபிலிருந்து பேன் எனப்படும் குட்டி வண்ணக் கிண்ணங்களில் பிதுக்கிக் காயவைத்துவிடுங்கள். தேன் கலந்து செய்த பெயிண்ட் என்றால் சென்னை ஈரப்பதத்தில் காயவே காயாது, பையெல்லாம் ஒட்டும். ட்யூபாகவே கொண்டுபோகிறவர்கள் மூடியை மெதுவாகத் திறக்கவும். ஊட்டியில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறத்தாழ முக்கால்வாசிதான், மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் தலையணையாக உப்புவது அதனால்தான், ட்யூபுக்குள் இருக்கும் காற்றும் அதையேதான் செய்யும்.

பன்னிரண்டாம் நம்பர் உருண்டை ப்ரஷ் ஒன்று, ஆறாம் நம்பர் ஒன்று. ஒரு பென்சில், ரப்பர், இரண்டு கிளிப், பழைய பருத்தி வேட்டித் துணி (டிஷ்யூ பேப்பரைவிட இது எவ்வளவோ மேல்), மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று. தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள், நீலகிரி மாவட்டத்தில் தடை, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸும் எடுத்துக்கொள்ள வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அது வந்துவிட்டது. ஈஸலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டீக்கடை பெஞ்ச், பாலத்துக் கட்டை, பஸ் ஸ்டாப் திண்ணை என்று உட்கார இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

எப்போது போவது என்பதுதான் பாதி வேலை. என்னைக் கேட்டால் ஜனவரி முதல் மார்ச் பாதி வரை. காலையில் உறைபனி, விரல் மரத்துப்போகும், கம்பளிக் கையுறையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நுனியை வெட்டிவிட்டால் சமாளிக்கலாம். ஆனால் காற்று துல்லியமாக இருக்கும், சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் நீளமாக விழும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் போனால் நண்பகலில் சூரியன் நீலகிரிக்கு நேர் உச்சியில் நிற்கும், நிழலெல்லாம் காலடியில் சுருண்டுகொள்ளும், மலை தோசைக்கல் மாதிரி தட்டையாகத் தெரியும். மே மாதக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

மழைக்காலத்திலும் வரையலாம், ஆனால் எந்த மழை எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே சமயம் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரியில் பல நாள் வெறும் மேகமூட்டத்தோடு போய்விடும், வரைய அருமையான வெளிச்சம். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியைப் பிடித்துக்கொள்ளும், பர்லியாறு பக்கம் மண் சரியும், மலை ரயிலை அடிக்கடி நிறுத்திவிடுவார்கள்.

எந்த மாதமானாலும் ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள். ஒன்பதரைக்குள் இரண்டு படம் முடியும். மதியம் மேகம் ஏறும். நாலு மணிக்கு மேல் மறுபடி அரை மணி, முக்கால் மணி நல்ல வெளிச்சம் கிடைத்தாலும் கிடைக்கும்.

இடத்துக்கு வருவோம். வியூ பாயிண்ட் எல்லாமே வரைய நல்ல இடம் என்று நினைக்காதீர்கள். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் மைசூர்ப் பக்கத்துச் சமவெளியும் விரிந்து கிடக்கும், பார்க்க மெய்சிலிர்க்கும், ஆனால் பேப்பரில் பிடிக்க ஒன்றும் இருக்காது, கண்ணுக்கு முன்னால் ஒரு மரமோ வீடோ இல்லாவிட்டால் அந்தப் பள்ளத்தின் ஆழம் தெரியவே தெரியாது. எனக்குப் பிடித்தது கேத்தி பள்ளத்தாக்கு. முன்னால் கேரட், முட்டைக்கோஸ் பாத்திகள், நடுவில் படகர் ஹட்டியின் (ஊரின்) வரிசை வீடுகள், பின்னால் மடிப்பு மடிப்பாக மலை. கிட்ட, நடு, தூரம் மூன்றும் தானாகவே அமைந்துவிடுகிறது. லவ்டேல் ரயில் நிலையம், குன்னூர் லேம்ப்ஸ் ராக் போகும் வழியில் உள்ள தேயிலைத் தோட்டங்களும் அப்படித்தான்.

உட்கார்ந்ததும் பெயிண்டைத் திறக்காதீர்கள். பேப்பர் நிழலில் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் நேராக விழுந்தால் வெள்ளைப் பேப்பர் கண்ணைக் கூசவைக்கும், நிறமெல்லாம் வெளிறித் தெரியும், அதை ஈடுகட்ட அழுத்திப் பூசுவீர்கள், அறைக்குப் போய்ப் பார்த்தால் படம் கரியாக இருக்கும். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள், தொப்பி போதும். அப்புறம் போனில் ஒரே ஒரு போட்டோ, நிழல் எங்கே இருந்தது என்று பின்னால் பார்த்துக்கொள்ள. அதைப் பார்த்து வரைய ஆரம்பித்தீர்களானால் இவ்வளவு தூரம் வந்ததற்கு அர்த்தமில்லை, போட்டோவில் நிழல் எல்லாமே கறுப்பு.

இப்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரமெல்லாம் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுகள் தெரியும். தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு அந்த மூன்றையும் பென்சிலால் தேய்த்துவிடுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். மூடுபனி நடுவில் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டாலும் இந்தத் தீப்பெட்டிப் படத்தை வைத்து மீதியை முடித்துவிடலாம். நான் தவறாமல் செய்வது இது ஒன்றைத்தான்.

வண்ணத்தை மேலிருந்து கீழே, தூரத்திலிருந்து கிட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கலவை எவ்வளவு கெட்டி என்பதற்கு என் கணக்கு: வானமும் கடைசி மலையும் நீர்மோர், நடு மலை மோர், காலடியில் இருக்கும் புதர் தயிர். தூர மலை நீலமாகத் தெரிவதற்குக் காரணம் நடுவில் இருக்கும் காற்று. அது மற்ற நிறங்களைவிட நீல ஒளியை அதிகம் சிதறடிக்கிறது, எவ்வளவு தூரமோ அவ்வளவு காற்று, அவ்வளவு நீலம். அதனால் கடைசி மலைக்கு அல்ட்ராமரைனில் துளி பர்ன்ட் சியென்னா சேர்த்து ஒரே வாஷ், அதோடு கையை எடுத்துவிட வேண்டும். அங்கே மரம் இருப்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் வரையாதீர்கள். தூரத்து மலையில் ஒரு மரத்தைப் போட்டாலும் மலை அரை கிலோமீட்டர் முன்னால் வந்து நின்றுவிடும். இதற்கும் ஒரு விலக்கு உண்டு. இரவெல்லாம் மழை பெய்து விடிந்த காலையில் காற்று கழுவிவிட்ட மாதிரி இருக்கும், தூர மலை கருநீலமாக, கிட்டத்தில் நிற்பது போலத் தெரியும். அன்றைக்குக் கண்ணை நம்புங்கள்.

பச்சைதான் எல்லோரையும் கவிழ்க்கும். நீலகிரியில் ஒரு பச்சை இல்லை. கொழுந்து விட்ட தேயிலை கிளிப்பச்சை: லெமன் யெல்லோவில் நீலம் துளி. கொழுந்து பறித்து முடித்த தேயிலை ஒரு படி மங்கல், அதில் பர்ன்ட் சியென்னா சேரும். கவாத்து செய்த (செடியை வெட்டிவிட்ட) பகுதி பச்சையே இல்லை, பழுப்பு. தைல மரம் சாம்பல் நீலம், சோலைக்காடு கறுப்பை ஒட்டிய பச்சை, அதில் இளந்தளிர் செம்பு நிறத்தில் எட்டிப்பார்க்கும், அங்கே அலிஸரின் ஒரு சொட்டு. பிப்ரவரியில் புல்வெளி மலைகள் ஓக்கர் மஞ்சள்தான். ஸாப் கிரீனை அப்படியே பேப்பரில் வைத்தால் பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கும், எதையாவது கலந்து கெடுத்துத்தான் வைக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் வரிசைகளுக்கு நடுவே ஓடும் பாதைகள்தான் சரிவின் வளைவைக் காட்டுபவை. கிட்டத்தில் அகலமாக, தூரத்தில் நெருக்கமாக நாலைந்து கோடு. எல்லாப் பாதையையும் வரைந்தால் கோரைப்பாய் ஆகிவிடும். ஹட்டி வீடுகளுக்குப் பேப்பரின் வெள்ளையைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாக விட்டுவிட்டு, கடைசியில் ஒன்றிரண்டுக்கு மட்டும் நீலமோ ரோஸோ தொடுங்கள்.

மூடுபனியே வந்துவிட்டால்? அதையும் வரையலாம். மலையின் அடிப்பக்கம் வாஷ் ஈரமாக இருக்கும்போதே சுத்தத் தண்ணீர் நனைத்த ப்ரஷால் இழுத்துக் கரைத்துவிடுங்கள், பிழிந்த துணியால் ஒரு ஒற்று. மலை அந்தரத்தில் மிதக்கும். பிரச்சினை காயாததுதான். நனைந்த காற்றில் ஒரு வாஷ் காய 20 நிமிடம்கூட ஆகும். அவசரத்தில் மேலே அடுத்த வண்ணத்தை வைத்தால் காலிஃபிளவர் மாதிரிக் கறை பூக்கும். நான் இரண்டு பேப்பரைக் கிளிப்பில் மாட்டி மாறி மாறி வரைவேன். சுக்கு காபி வாங்கி அந்த டம்ளர் சூட்டில் பேப்பரின் முதுகைக் காட்டினாலும் கொஞ்சம் உதவுகிறது, ஒரு முறை காபி படத்தில் கொட்டியதும் உண்டு.

வரைய நேரமே இல்லாத இடங்களுக்குப் பென்சில். மலை ரயில் 46 கிலோமீட்டரை மேல்நோக்கி ஏற ஐந்து மணி நேரம்போல எடுத்துக்கொள்கிறது, கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், ஆள் ஓடினால் பிடித்துவிடும் வேகம். ஆனால் பெட்டி குலுங்குவதில் ப்ரஷ் ஆகாது. கோடு மட்டும் இழுத்துவிட்டு, நிறத்தை எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எட்வர்ட் லியர், குழந்தைகளுக்கான கிறுக்குப் பாடல்களுக்குப் பேர்போன அதே ஆங்கிலேயர், 1873 முதல் 1875 வரை இந்தியா முழுக்க இப்படித்தான் வரைந்துகொண்டு திரிந்தார், நீலகிரிக்கும் வந்தார். இடத்தில் பென்சில் கோடு, அதன் மேலேயே நிறக் குறிப்பு, மையும் வண்ணமும் பின்னால். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு, புடவைக் கடை நிறங்கள். மயில் கழுத்து, கத்தரிப்பூ, அரக்கு, பாக்கு, மாம்பழ மஞ்சள், எம்எஸ் ப்ளூ என்று எழுதிவைத்தால் இரவு அறையில் அந்த நிறம் அப்படியே நினைவுக்கு வரும். "கரும்பச்சை" என்று எழுதினால் வராது. ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள், அப்போது வேண்டுமானால் ஒரு வாஷ் போடலாம். குரங்குகள் பெயிண்ட் டப்பாவைத் தின்பண்டம் என்று நினைக்கும், கையிலேயே வைத்திருங்கள்.

குரங்கு பரவாயில்லை. குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் காட்டெருமை சர்வசாதாரணமாக மேயும். படத்தில் சேர்க்கலாமே என்று கிட்டப் போகாதீர்கள், எழுந்து மெதுவாகப் பின்வாங்குங்கள். அந்தி சாய்ந்தால் கரடி நடமாட்டம் உண்டு, ஐந்தரைக்கு மூட்டை கட்டிவிடுவது நல்லது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்க வேண்டாம். மழை மாதத்தில் சோலை ஓரம் உட்கார்ந்தால் அட்டை ஏறும், சாக்ஸுக்குள் பேண்டைச் செருகிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் உட்காருமுன் அங்கே யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தோடர் மந்து (தோடர் குடியிருப்பு) என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். பலகையும் பென்சிலுமாக உட்கார்ந்தால் உங்களை ஓவியர் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். கேத்தியில் ஓர் அக்கா வேலியோரம் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ரோடு அகலப்படுத்த அளக்கறீங்களா?" என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். அவர் வீட்டை நான் விட்டுவிட்டேனாம். சேர்த்த பிறகுதான் போனார்.

ப்ரஷ் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள், சில நிறங்களில் காட்மியமும் கோபால்ட்டும் இருக்கிறது, கீழே அதைத்தான் குடிக்கிறார்கள். டப்பாவை மூடி அறைக்கே கொண்டுவந்துவிடலாம். படம் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் புத்தகத்தை உடனே மூடாதீர்கள். நான் ஒரு தடவை அவசரமாக மூடி, பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கித் திறந்தபோது கேத்தியும் லவ்டேலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போதெல்லாம் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்துவிடுகிறேன்.